சுவரைப் பார்த்து எழுதிய அறிக்கை

ஒரு மனிதனின் மதத்தை அவன் வீட்டுக் காலண்டரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் ஆற்றல் எனக்கு இருப்பதாகப் பல வருடங்கள் நம்பினேன். அந்த நம்பிக்கையை அரசாங்கத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமலே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த ஒரு வருவாய் ஆய்வாளர், என் மகள் வயதுப் பெண், போனில் கூப்பிட்டு, "சார், சாதிச் சான்று விசாரணைக்குப் போனா மொதல்ல எதைப் பாக்கணும்?" என்று கேட்டாள். "சுவரைப் பார்க்காதேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டதாகக் கேள்வி. இனி சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் வரப்போகிறதாம். கம்ப்யூட்டர் வந்தாலும் யாராவது ஒருவர் மொபெட்டில் ஏறி ஒரு வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அப்படிப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேர்வு எழுதினேன், இளநிலை உதவியாளர் ஆனேன், நில அளவைப் பயிற்சியில் வெயிலில் சங்கிலி பிடித்தேன், கிராமக் கணக்கு வகுப்பில் நிழலில் தூங்கினேன். அப்புறம் வருவாய் ஆய்வாளர். ஜனங்கள் வாயில் ஆர்.ஐ. சார். கீழே கிராம நிர்வாக அலுவலர், மேலே தாசில்தார், நடுவில் நான். கீழேயிருந்து வரும் தாளில் 'பரிந்துரைக்கலாம்' அல்லது 'பரிந்துரைக்க இயலாது' என்று எழுதி மேலே அனுப்புவது வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சொல் கிடையாது என்பது அந்தப் பதவியின் பெரிய வசதி.

பட்டியல் சாதிச் சான்று விஷயத்தில் சட்டம் மதத்தையும் கேட்கும். இந்து, சீக்கியம், பௌத்தம் என்றால் சான்று உண்டு. அதே குடும்பத்தில் பிறந்த ஒருவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ ஆகிவிட்டால் பட்டியலை விட்டு வெளியே போய்விடுவார். அவருக்கு வேறு சான்று, சலுகை குறைந்த சான்று. பட்டியலை விட்டு அவர் போவாரே தவிர, அவர் குடியிருக்கும் தெரு எங்கேயும் போகாது. டீக்கடையில் அவருக்குத் தனியாகக் கவிழ்த்து வைத்த தம்ளரும் எங்கேயும் போகாது. இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், ஆளின் மதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான்.

அதற்குத்தான் சுவர். விபூதித் தட்டு இருக்கிறதா, மாடத்தில் விளக்கா மெழுகுவர்த்தியா, காலண்டரில் யார். எங்கள் பக்கத்தில் இந்த முறையைக் கையாள்வது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இந்தியாவின் சாமிகளெல்லாம் சிவகாசியில் அச்சாகித்தான் ஊர் ஊராகப் போகிறார்கள். பட்டாசுக் கம்பெனி ஒரு காலண்டர் தரும், தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று தரும், பலசரக்குக் கடை ஒன்று தரும். எந்தச் சாமி மிச்சமிருக்கிறதோ அது வீட்டுக்கு வரும். சாத்தூரில் ஒரு டீக்கடைக்காரர் வீட்டில் மெக்கா படத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாக "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். அவர் திகைத்துப் போய், "முருகா, உள்ள வாங்க சார்" என்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் தாசில்தார் பரமசிவம் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தாளைத் தூக்கி எறிந்ததில்லை. நாம் எழுதிக்கொண்டுபோன அறிக்கையை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வாசிங்க" என்பார். நின்றுகொண்டு சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பச்சை மைப் பேனா சட்டைப் பையிலேயே இருக்கும். மூடியில் ஒரு துணுக்கு ஒற்றுத்தாள் சுற்றியிருப்பார். எல்லாம் சரியாக இருந்தால் கடைசி வரை கண் திறக்க மாட்டார், கை மட்டும் பேனாவுக்குப் போகும். எங்காவது கண் திறந்தால், அந்தச் சொல்லில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாம்தான் நின்ற இடத்தில் வியர்த்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். சிலர் அவரிடம் போவதற்கு முந்தின இரவு மனைவியிடம் வாசித்துக் காட்டிவிட்டு வருவார்கள். நான் என் மனைவியிடம் வாசித்துக் காட்டியதில்லை. அவள் முதல் வரியிலேயே கண்ணைத் திறந்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒரு வருடம். ஆனி வெயில். எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். முனீஸ்வரி என்ற பெண் பட்டியல் சாதிச் சான்று கேட்டு மனுப் போட்டிருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். அரசு நர்சிங் படிப்புக்குக் கலந்தாய்வுக் கடிதம் வந்துவிட்டது. சென்னையில் நடக்கும் கலந்தாய்வில் சான்றிதழைக் காட்டினால் இடம். காட்டாவிட்டால் பொதுவில் போட்டி போட வேண்டும். அவள் மார்க்குக்கு அங்கே கிடைக்காது. அப்பா காளிமுத்து பட்டாசு ஆலை விபத்தில் வெந்து, இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தவர். அந்த இருபது நாளும் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை நர்சுக்குப் படிக்க வேண்டும் என்று கேட்டதில் ஆச்சரியமில்லை. அம்மா பாக்கியம், புருஷன் போன அதே தொழிலில் வேறொரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள்.

நான் முதலில் ஊர்க்கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு பெரிய வீட்டு நிழலில் வண்டியை நிறுத்துவது எங்கள் இலாகா வழக்கம். தலைவர் நல்ல மனுஷன். இரண்டு சொம்பு மோர் கொடுத்தார். குடித்தேன். "காலனிக்கா போறீக? நீங்க ஏன் போகணும், இங்கன கூப்பிட்டு விட்டா வந்துட்டுப் போறாக" என்றார். விதிப்படி நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, விதியை மதிக்கிற ஆள் என்ற பெருமையோடு காலனிக்குப் போனேன்.

ஒரே அறை வீடு. சுவர் முழுக்க அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்கள் ஒட்டியிருந்தன. பாக்கியத்தின் தம்பி பிரஸ்ஸில் தாள் அடுக்குகிறவர்; வண்ணம் விலகி அச்சான தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பார். மண்சுவர் உதிராமல் இருக்கவும் தேள் வராமல் இருக்கவும் ஒட்டுவது. விளக்கு மாடத்துக்கு நேர் மேலே இயேசுநாதர். நீலம் ஒரு நூல் தள்ளி விழுந்ததால் அவருக்கு இரண்டு தாடி. மாடத்தில் அகல் ஒன்று, பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று. எனக்குள் இருந்த நிபுணன் விழித்துக்கொண்டான்.

"மாதா கோயிலுக்குப் போவீகளாம்மா?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"போவேன் சார். சனிக்கிழம சனிக்கிழம." பாக்கியம் எதையும் மறைக்கவில்லை. "இவுக அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப வேண்டிக்கிட்டேன். அங்கனருந்து சிஸ்டருமாரு வந்துதான் புண்ணு தொடச்சு விட்டாக. ஊர்ல ஒருத்தரும் கிட்ட வரல."

"ஆனா அவர் பிழைக்கலையேம்மா. பெறகும் ஏன் போறீக?"

பாக்கியம் என்னை ஒரு விநாடி பார்த்தாள். "எங்க காளியாத்தாட்டயும்தான் வேண்டுனேன் சார். அவளுங்கூடத்தான் காப்பாத்தல. அவளக் கும்பிடுறத விட்டுட்டேனா?"

இதற்கு அறிக்கையில் இடம் இல்லை. எனவே ஆதாரம் கேட்டேன். "ஊர்க்கோயிலுக்குத் திருவிழா வரி கட்டுன ரசீது இருக்கா? இருந்தா இந்துதான்னு எழுதிரலாம்."

"எங்க தெருவுல வரி வாங்க மாட்டாக சார்."

"ஏன்?"

"வரி வாங்குனா உள்ள விடணும்ல."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு புதிய ஆளுக்குப் பஸ் போகிற வழி சொல்வதுபோலச் சொன்னாள். நான் கொஞ்சம் யோசித்து, என் வாழ்க்கையிலேயே மோசமான யோசனையைச் சொன்னேன்: "சரி, அப்ப கமிட்டித் தலைவர்ட்டயே, நீங்க இந்துதான்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க."

அதற்குள் முனீஸ்வரி எங்கோ ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்தாள். கையில் ஒரு கலர் சோடா பாட்டில், மூடி உடைத்து, நுரை பொங்க. "குடிங்க சார், கடைல வாங்குனது" என்றாள். வீட்டுத் தம்ளரில் ஊற்றாமல் பாட்டிலாகவே நீட்டினாள். நான் கையை உயர்த்தி, "மனுதாரர் வீட்ல எதுவும் சாப்பிடுறதில்லைம்மா, ட்யூட்டி" என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தேன். எவ்வளவு நேர்மையான மனிதன் என்று போகிற வழியெல்லாம் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டு போனேன்.

லெட்டர் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். 'இந்து மதத்தைப் பின்பற்றுவதற்கான ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை, பரிந்துரைக்க இயலாது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, ஐயா கூப்பிடுவதாக அவர் அறை வாசலில் நிற்கும் டவாலி வந்து சொன்னார். உள்ளே போனேன். பாக்கியமும் முனீஸ்வரியும் நின்றுகொண்டிருந்தார்கள். "உக்காருங்கம்மா" என்று ஐயா சொன்ன பிறகும் நின்றார்கள். முனீஸ்வரி கையில் பாயைச் சுருட்டியது போல ஒரு பெரிய தாள் சுருள். பின்பக்கம் காய்ந்த சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டியிருந்தன. மறுநாள் சாயங்காலம் சென்னைக்குப் பஸ் ஏறினால்தான் கலந்தாய்வுக்குப் போய்ச் சேர முடியும் என்று ஏற்கெனவே ஐயாவிடம் சொல்லியிருந்தாள்.

ஐயா என் அறிக்கையை என்னிடம் நீட்டினார். "வாசிங்க."

கண்ணை மூடிக்கொண்டார். மனுதாரர்களுக்கு முன்னாலேயே வாசிக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. எழுதும்போது அறிக்கையில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். வாசிக்கும்போது எதிரே நின்றார்கள்.

"மனுதாரர் வீட்டுச் சுவரில் இயேசுநாதர் படம் ஒன்றும், அதன் கீழ் மெழுகுவர்த்தியும் காணப்பட்டன. மனுதாரரின் தாயார் மாதா கோயிலுக்குச் சென்று வருவதை ஒப்புக்கொண்டார்..."

ஐயா கண்ணைத் திறந்தார்.

நான் வியர்த்தேன். எந்தச் சொல் என்று தெரியவில்லை. மறுபடி வாசித்தேன். 'ஒப்புக்கொண்டார்' என்ற இடத்தில் குரல் தானாக இறங்கியது.

"ஒப்புக்கொண்டார்னா?" என்றார் ஐயா. வழக்கத்துக்கு மாறாக அன்று அவரே சொல்லிவிட்டார். "களவாண்டுட்டு வந்தாகளா, ஒப்புக்கிட?"

முனீஸ்வரி அந்த நேரம் பார்த்துச் சுருளை மேஜைமேல் விரித்தாள். நாலு மூலைக்கும் ஐயா தன் பேப்பர் வெயிட்டுகளை எடுத்து வைத்தார். சுவரில் நான் பார்த்தது அதுதான், முழுத் தாள். அச்சகத்தில் ஒரே பெரிய தாளில் நாலு படம் அடித்துப் பிறகு வெட்டுவார்கள். இது வெட்டாத தாள். இடப்பக்கம் மேலே பிள்ளையார், பக்கத்தில் லட்சுமி. கீழே மெக்கா, அதற்குப் பக்கத்தில் இரண்டு தாடி இயேசுநாதர். நாலு பேருக்கும் நடுவில் வெட்டுக் கோடு.

"ஆர்.ஐ. சார் ஒருத்தரை மட்டும் எழுதிருக்காரு" என்றாள் முனீஸ்வரி. பயந்துகொண்டே சொன்னாலும் நிறுத்தவில்லை. "மிச்ச மூணு பேரும் அதே செவத்துலதான் இருந்தாக."

ஐயா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னை. "போன மாசம் அரை நாள் லீவு கேட்டீங்களே, எதுக்கு?"

என் மகன் பயந்து காய்ச்சலில் கிடந்தபோது பள்ளிவாசலில் ஓதி ஊதக் கூட்டிப்போனேன். லீவு விண்ணப்பத்தில் அப்படியே எழுதியிருந்தேன். என் எழுத்தில் இருக்கும் உண்மைப் பற்று எனக்கு எப்போதும் தொந்தரவு.

"பையன் கையில கயிறு கட்டிருக்காகல்ல?"

"ஆமாங்கய்யா."

"உங்க வீட்டுக்கு யாராச்சும் வந்து பாத்து எழுதுனாகளா?"

இல்லை. யாரும் வரமாட்டார்கள். நான் எந்தச் சாமியிடம் போனாலும் என் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. மனசாட்சிப்படி எந்த மதத்தையும் கடைப்பிடிக்கலாம் என்று அரசியல் சாசனம் எல்லோருக்கும்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கான விலைச்சீட்டை எடுத்துக்கொண்டு நான் போன வீடுகளெல்லாம் காலனியில்தான் இருந்தன.

ஐயா பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க எந்தச் சாமி கும்பிடுறீக?"

அந்த இடத்தில் நான் மனசுக்குள் கெஞ்சினேன். காளியம்மன் என்று ஒரு வார்த்தை சொல்லம்மா, எல்லாம் முடிந்துவிடும். டவாலிகூடக் கதவுப் பக்கமிருந்து தலையை ஆட்டிச் சைகை காட்டினார். மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"ரெண்டு பேரையும் சார்" என்றாள் பாக்கியம்.

ஐயா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஞானஸ்நானம் வாங்கியிருக்கீகளா? கோயில் புத்தகத்துல பேரு இருக்கா?"

"இல்ல சார். மாதா கோயில் சாமியாரு கேட்டாக. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

பாக்கியம் மகளைப் பார்த்தாள். முனீஸ்வரி பேசினாள். "சார், தலைவர் வீட்டு வாசல்ல ரெண்டு நா நின்னோம், லெட்டருக்கு. 'ஒங்கள இந்துன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கி அதைக் காட்டியே கோயிலுக்குள்ள வருவீக'ன்னு சொல்லிட்டாரு. உள்ள விடாத கோயில்ல லெட்டர் வாங்கிட்டு வரணும்கிறீக. உள்ள விட்ட கோயிலுக்குப் போனா சாதி போச்சுங்கிறீக. எங்கம்மா நாளைக்கி நெசமாவே தண்ணி ஊத்திக்கிட்டா எங்க தெருவு மாறிருமா சார்?"

"மாறாதும்மா" என்றார் ஐயா.

"அப்ப சான்றிதழ் மட்டும் எப்பிடி மாறுது?"

பரமசிவம் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். இந்தமுறை கேட்பதற்காக மூடவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு வேலை நடந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். இந்து என்று இருந்தது. காலனியிலிருந்து இரண்டு பெரியவர்களை மறுநாள் காலை கூட்டிவரச் சொல்லி வாக்குமூலம் வாங்கச் சொன்னார். சட்டப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் தள்ளி, "வேற மதத்தை ஏத்துக்கிட்டவகன்னு இருக்கா, வேற சாமியக் கும்பிட்டவகன்னு இருக்கா, பாருங்க" என்றார். பார்த்தேன். அவர் சொன்னதுதான் இருந்தது. மறுநாள் மத்தியானம் அவர் எதிரிலேயே உட்கார்ந்து புது அறிக்கை எழுதினேன். 'சுவரில் நான்கு சாமிகளின் படங்கள் காணப்பட்டன' என்று தொடங்கி. வாசித்தேன். கண் திறக்கவில்லை. கை பேனாவுக்குப் போனது.

"நம்ம குடுத்தது பாதிதான்" என்றார், கையெழுத்துப் போட்டபிறகு. "மிச்சம், அந்தப் புள்ள கேட்ட கேள்விக்குப் பதிலு. அதைக் குடுக்கிற அதிகாரம் இந்தப் பேனாவுல இல்ல."

முனீஸ்வரி சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். தாள் சுருளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். இடம் கிடைத்ததா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமே எனக்கு வேறு தாலுகாவுக்கு மாறுதல் வந்தது. ஐயா ஓய்வு பெற்று, ஓய்வை ஒரு வருடம்கூட அனுபவிக்காமல் போய்விட்டார். நானும் முட்டிவலியைச் சாக்குச் சொல்லி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு விருதுநகரில் உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் படிக்கிறேன், ஊர்க்காரர்களைக் கிண்டல் பண்ணி எழுதுகிறேன். எழுதி முடித்தால் ஒரு பழக்கம்: எழுந்து நின்று சத்தமாக வாசிப்பேன். எதிர் நாற்காலி காலியாக இருக்கும். இந்த இடத்தில் கண் திறந்திருப்பாரோ, இந்த இடத்தில் திறந்திருப்பாரோ என்று பார்த்துக்கொண்டே வாசிப்பேன். தப்பு எங்கே என்று சொல்ல ஒரு ஆள் இருந்த காலம் எவ்வளவு நல்ல காலம் என்று அது இருந்தபோது தெரியவில்லை. தப்பே பண்ணாமல் இருக்க வேண்டும் என்று அப்போது ஆசை. பண்ணிய தப்பை ஒருவர் முன் நின்று வாசிக்க வேண்டும் என்று இப்போது ஆசை.

அதனால்தான், போன வருடம் ஆமத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், சாப்பிட்ட கையோடு பஸ் மாறி அந்த ஊருக்குப் போனேன். மன்னிப்பை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். நாலு பத்தி. தலைவர் வீட்டு நிழலில் நிற்காமல் நேராகக் காலனிக்கு நடந்தேன். இதைக்கூட யாரோ கவனித்துப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

வீடு மாறியிருந்தது. கான்கிரீட் கூரை. சுவரில் வெள்ளையடித்து ஒரே ஒரு காலண்டர். தேதி மட்டும் உள்ளது, சாமி யாரும் இல்லை. பாக்கியம் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"செவத்தப் பாத்த சாருதான?" என்றாள். "வாங்க, உக்காருங்க."

முனீஸ்வரி நர்ஸ். இடம் கிடைத்து, படித்து, தேனிப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மன்னிப்பின் முதல் பத்தியைத் தொடங்கினேன். அதற்குள் என் கண் பழக்கதோஷத்தில் சுவரில் ஓடியதை அவள் பார்த்துவிட்டாள்.

"சாமி படம் தேடுறீகளா? ஒண்ணும் ஒட்டல சார். எதுக்கு வம்பு."

"மாதா கோயிலுக்கு?"

"போறேன். சனிக்கிழம இல்ல, ஞாயித்துக்கிழம பூசைக்கே போறேன். பூசையில நன்மைன்னு அப்பம் குடுப்பாகல்ல, அப்ப எல்லாரும் எந்திரிச்சு வரிசையாப் போவாக. ஞானஸ்நானம் வாங்குனவகதான் போகலாம். நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருப்பேன். என்னயத் தாண்டித் தாண்டிப் போவாக." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒருநா நானும் எந்திரிச்சுப் போகணும் சார். அம்புட்டுத்தான் ஆச. முனீசுக்கு வேல நெரந்தரமாகட்டும்னு இருக்கேன்."

"நீங்க வாங்குனா அவுக சான்றிதழுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவுக தனி ஆளு. சட்டப்படி..."

"சட்டப்படி ஆகாது. வீட்டப் பாக்க வர்றது உங்களமாதிரி ஒருத்தருல்ல?"

நாலு பத்தியில் மூன்று அந்த இடத்தில் உதிர்ந்துவிட்டன. ஊர்க்கோயிலில் வெளியே நின்று கும்பிட்டவள், இங்கே உள்ளே போயும் உட்கார்ந்தே இருக்கிறாள். அவளை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்ததில் என் கையெழுத்தும் ஒன்று. மிச்சமிருந்த ஒரு பத்தியை எப்படியோ சொல்லி முடித்தேன். தப்பாக எழுதினேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அந்த ரிப்போட்டா?" என்றாள் பாக்கியம். "ஆபீசுக்காரக வேற எப்பிடி எழுதுவீக. எனக்கு அதெல்லாம் இல்ல சார். அன்னைக்கி எம்மக ஓடிப்போயி வாங்கிட்டு வந்த கலரக் குடிக்காமப் போயிட்டீகல்ல, அதுதான் ரொம்ப நாளைக்கி மனசுல கெடந்துச்சு. எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டீகன்னுதான் கடைல வாங்கியாரச் சொன்னேன். தலைவரு வீட்ல மோரு குடிச்சுட்டு வந்திருந்தீக. மீசையில இருந்துச்சு."

இத்தனை வருடம் கழித்து மீசையைத் துடைத்தேன்.

அவள் எழுந்துபோய் ஒரு கலர் பாட்டிலோடு வந்தாள். உடைத்து, இந்தமுறை வீட்டுத் தம்ளரில் ஊற்றி, என் முன்னால் வைத்தாள். சிவப்புக் கலர். எனக்கு மூன்று வருடமாக நல்ல சர்க்கரை. டீக்கே சீனி கிடையாது. தம்ளரைப் பார்த்தேன். மறுபடியும் கையை உயர்த்தி வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியுமா? ஒரே மூச்சில் குடித்தேன். மிச்சப் பாட்டிலையும் நானே ஊற்றிக் குடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி உணர்ச்சி, பாதி காஸ். ஒரு பெரிய கணக்கு நேராகிவிட்டதுபோல இருந்தது. "சுகர் இருக்கும்மா எனக்கு, ஆனாலும் குடிச்சுட்டேன்" என்று, அவளுக்குத் தெரியட்டும் என்று, சொல்லியும் வைத்தேன்.

அப்போது முனீஸ்வரியின் போன் வந்தது. பாக்கியம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ முனீசு, யாரு வந்திருக்கா சொல்லு. செவத்தப் பாத்த சாரு! ஒன் சான்றிதழு சாரு!"

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இந்தக் குரலுக்காகத்தானே வந்தது.

"அவரா? நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு. இன்னைக்கிக் கலரு குடிச்சாருடீ, முழுப் பாட்டிலும்! சுகர் இருக்காம், அப்பிடியும் குடிச்சாரு."

அந்தப் பக்கம் குரல் ஏறியது.

"சுகர்காரருக்குக் கலரு குடுத்தியா? கூறு கெட்டுப்போச்சாம்மா ஒனக்கு? நாளைக்கிக் காலைல வெறும் வயித்துல ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லு. ரிப்போட்ட அவராப் பாத்து எதையும் முடிவு பண்ணிக்கிட வேண்டாம், டாக்டர்ட்டக் காட்டச் சொல்லு."